கூட்டங்கள் மாறின, வேலை மாறவில்லை: அஜைல் முறை எங்கே தடுக்கி விழுகிறது?

2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி, தன் தொழில்நுட்பப் பிரிவில் 1,100க்கும் மேற்பட்ட பணியிடங்களை நீக்கியது. எல்லாமே, மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாக உருவாக்கும் 'அஜைல்' முறையின் பெயரைத் தாங்கிய பணியிடங்கள். செய்தி வந்த கையோடு, அஜைலின் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சும் கிளம்பியது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2014இல், அந்த முறைக்கு அடித்தளமிட்ட 2001ஆம் ஆண்டு அஜைல் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான டேவ் தாமஸ், அஜைல் செத்துவிட்டது என்று தலைப்பிட்டு எழுதியிருந்தார். ஆனாலும் மென்பொருள் வேலைக்கான விளம்பரங்களில் அஜைல் அனுபவம் கேட்பது நிற்கவில்லை. எதை நம்புவது?

இரண்டு செய்திகளையும் முழுதாகப் படித்தால் குழப்பம் பாதி தீரும். அந்த முறையைக் கைவிடுவதாக வங்கி சொல்லவில்லை. தனி ஆட்கள் பார்த்துவந்த வேலையைப் பொறியாளர்களின் அன்றாடப் பணியோடு சேர்த்துவிடுகிறோம் என்றுதான் சொன்னது. தாமஸின் ஆதங்கமும் வேறு. வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வந்த ஓர் அடைமொழியை, விற்பனைக்கு வைக்கும் சரக்கின் பெயராக ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம்.

ஆக, ஒரே சொல் இரண்டு பொருளைத் தாங்கி நிற்கிறது. ஒன்று, மென்பொருளைச் சிறிது சிறிதாகச் செய்து, காட்டி, கேட்டு, திருத்திக்கொள்ளும் பழக்கம். மற்றது, அதைச் சுற்றி வளர்ந்த கூட்டங்கள், பதவிகள், சான்றிதழ்கள், கருவிகள். இரண்டாவதை ஒரு மாதத்தில் கொண்டுவந்துவிடலாம். முதலாவது வர வேண்டுமானால், நிரல் எழுதும் முறையும் முடிவெடுக்கும் அதிகாரமும் மாற வேண்டும். இந்த இரண்டிலும் கை வைக்காத நிறுவனத்தில் காலண்டர் மட்டும்தான் மாறும்.

## பழைய முறையின் கணக்கு

தேவைகளைச் சேகரித்துக் கையெழுத்து வாங்குவது, பிறகு வடிவமைப்பு, பிறகு நிரல், பிறகு சோதனை, கடைசியில் ஒப்படைப்பு. ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்தது. அருவிநீர் மேலே ஏறாது என்பதால் இதற்கு 'வாட்டர்ஃபால்' என்று பெயர் வந்தது.

இந்த முறையின் தந்தை என்று பலரும் வின்ஸ்டன் ராய்ஸைச் சொல்வார்கள். அது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. 1970இல் வெளியான கட்டுரையில் அவர் அந்தப் படிக்கட்டுப் படத்தை வரைந்தது உண்மை. ஆனால் சோதனை கடைசியில் வருவதால் இந்த அமைப்பு ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்றும் அங்கேயே எழுதினார். 'வாட்டர்ஃபால்' என்ற சொல்லை அவர் பயன்படுத்தவே இல்லை. படத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அந்த எச்சரிக்கையின் உள்ளே இருப்பது ஒரு எளிய கணக்கு. தவறைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆகிறதோ, அந்தக் காலம் முழுவதும் அதன் மேல் வேலை அடுக்கப்படுகிறது. முதல் மாதத்தில் தேவையைத் தவறாகப் புரிந்துகொண்டு, அது பதினெட்டாவது மாதத்தில் சோதனையின்போது வெளிப்பட்டால், இடையிலுள்ள பதினேழு மாத உழைப்பில் எவ்வளவு அந்தத் தவறைச் சார்ந்தது என்று தேடித் தேடி இடிக்க வேண்டும். இப்படிப்பட்ட தவறுகள் கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பது பயனருக்கே ஒன்றைக் கையில் வாங்கித் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெளிவாகிறது. கூட்டம் போட்டு எத்தனை பக்கம் எழுதி வாங்கினாலும் இது மாறாது.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அனுபவம் இதற்கு நல்ல சாட்சி. காகிதக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றும் முதல் திட்டத்தை, சுமார் 17 கோடி டாலர் செலவழித்த பிறகு 2005இல் அவர்கள் கைவிட்டார்கள். 2006இல் 'சென்டினல்' என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள், நான்கு கட்டங்களாக. 2010 ஆகஸ்ட் நிலவரப்படி 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் சுமார் 40.5 கோடி செலவாகியிருந்தது. முடிந்திருந்தவை இரண்டே கட்டங்கள். அந்த ஆண்டில் பொறுப்பை வெளி ஒப்பந்ததாரரிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்ட எஃப்பிஐ, சிறிய குழுவை வைத்து இரண்டு வாரச் சுற்றுகளாக வேலையைப் பிரித்தது. 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தக் கதையை அஜைலின் வெற்றி என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே மாறியது சுற்றின் நீளம் மட்டுமில்லை. யார் முடிவெடுப்பது என்பதும், எத்தனை பேர் வேலை செய்வது என்பதும் சேர்ந்தே மாறின.

## பிரகடனத்தில் என்ன இருக்கிறது?

2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை, யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டு பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். ஆளுக்கொரு முறையைக் கையாண்டு வந்தவர்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டது நான்கே முன்னுரிமைகளை:

1. முறைகள், கருவிகளைவிட மனிதர்களும் அவர்கள் கலந்து பேசுவதும்.
2. விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருள்.
3. ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பது.
4. போட்ட திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பது.

ஆவணமும் திட்டமும் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவற்றுக்கும் மதிப்புண்டு, ஆனால் மற்றவற்றுக்கு மதிப்பு அதிகம் என்றார்கள். 'நாங்கள் அஜைல், அதனால் எதையும் எழுதி வைப்பதில்லை' என்று சொல்லும் குழுவுக்குப் பிரகடனத்தில் ஆதாரம் கிடையாது. இந்த நான்கோடு சேர்ந்து வரும் 12 கொள்கைகளிலும், இன்று அஜைலோடு சேர்த்தே பேசப்படும் ஸ்பிரிண்ட் என்ற சொல் இல்லை, ஸ்டோரி பாயிண்ட் இல்லை, நின்றபடி நடத்தும் கூட்டமும் இல்லை.

எண்ணமும் 2001இல் பிறந்ததில்லை. மனிதரை விண்ணுக்கு அனுப்பிய நாசாவின் மெர்க்குரி திட்டத்தில் அரை நாள் சுற்றுகளில் நிரல் எழுதியிருக்கிறார்கள். 1986இல் ஜப்பானியப் பேராசிரியர்கள் டாக்கியூச்சியும் நோனாக்காவும், புதுப் பொருள்களை வேகமாக உருவாக்கும் குழுக்களை ரக்பி ஆட்டத்துக்கு ஒப்பிட்டார்கள். தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவதுபோல் இல்லாமல், எல்லோரும் சேர்ந்தே பந்தை முன்னே கொண்டுபோகிறார்கள் என்றார்கள். அஜைல் முறைகளில் ஒன்றுக்குப் பெயரான 'ஸ்க்ரம்' என்ற ரக்பிச் சொல் அந்த வழியில்தான் வந்தது. ஜெஃப் சதர்லேண்ட் 1993இல் அதை மென்பொருள் குழுவில் நடைமுறைப்படுத்தினார். 1995இல் அவரும் கென் ஷ்வேபரும் அதைப் பொதுவில் முன்வைத்தார்கள்.

## அடிக்கடி காதில் விழும் சொற்கள்

ஸ்க்ரமுக்கு அதிகாரபூர்வமான வழிகாட்டி ஒன்று உண்டு. அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு 13 பக்கங்கள்தான். அதன்படி:

1. ஸ்பிரிண்ட்: ஒரு மாதமோ அதற்குக் குறைவோ நீளமுள்ள வேலைச் சுற்று. பெரும்பாலான குழுக்கள் இரண்டு வாரம் வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும் பயன்படுத்தத் தக்க ஒரு பகுதி கையில் இருக்க வேண்டும்.

2. ப்ராடக்ட் பேக்லாக்: செய்ய வேண்டியவற்றின் வரிசைப்பட்டியல். 'வரிசை' என்பதுதான் இதில் உயிர். எல்லாவற்றுக்கும் 'அவசரம்' என்று முத்திரை குத்திய பட்டியல் பேக்லாக் ஆகாது.

3. ப்ராடக்ட் ஓனர்: அந்த வரிசைக்குப் பொறுப்பான நபர். ஒருவர்தான், குழுவோ கமிட்டியோ இல்லை.

4. ஸ்க்ரம் மாஸ்டர்: முறை சரியாக நடக்கவும் தடைகள் விலகவும் உதவுபவர். மேலாளருக்கு இன்னொரு பெயர் இல்லை.

5. டெய்லி ஸ்க்ரம்: அன்றைய வேலையைத் திட்டமிடக் குழு கூடும் கூட்டம், தினமும் 15 நிமிடம்.

6. ரிவ்யூ, ரெட்ரோ: ஸ்பிரிண்ட் முடிவில், செய்ததைப் பயனருக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் காட்டிக் கருத்துக் கேட்பது ரிவ்யூ. வேலை செய்த விதத்தைக் குழுவே அலசிப் பார்ப்பது ரெட்ரோ.

7. முடிந்தது என்பதன் வரையறை: எது நடந்தால் ஒரு வேலையை 'முடிந்தது' என்று சொல்லலாம் என்று குழு முன்கூட்டியே எழுதி வைப்பது.

ஏழாவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 'முடிஞ்சிடுச்சு, டெஸ்டிங் மட்டும் பாக்கி' என்ற வாசகம் எல்லா அலுவலகங்களிலும் கேட்பதுதான். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்குள் எத்தனை நாள் வேலை ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நிரல் எழுதி, இன்னொருவர் பார்த்து, தானியங்கிச் சோதனைகள் தேறி, மற்றவர்களின் நிரலோடு சேர்ந்து, சோதனைச் சர்வரில் ஓடினால்தான் முடிந்தது என்று எழுதி வைத்த குழுவில் அந்த வாசகத்துக்கே இடமில்லை. பாக்கி இருந்தால் அது முடியவில்லை.

ஸ்க்ரமுக்கு வெளியே இரண்டு பெயர்கள் முக்கியம். கான்பான், டொயோட்டா தொழிற்சாலையில் டைச்சி ஓனோ வளர்த்த முறையிலிருந்து வந்தது. இதில் ஸ்பிரிண்ட் கட்டாயமில்லை. ஒரே நேரத்தில் எத்தனை வேலை கையில் இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு மட்டும் உண்டு. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், கென்ட் பெக் 1990களின் பிற்பகுதியில் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் திட்டத்தில் பணியாற்றியபோது உருப்பெற்றது. சோதனையை முதலில் எழுதுவது, இருவர் சேர்ந்து ஒரு திரையில் நிரல் எழுதுவது, எல்லோருடைய நிரலையும் நாளுக்குப் பலமுறை ஒன்றுசேர்ப்பது எல்லாம் அதன் பழக்கங்கள்.

நிரலை எப்படி எழுத வேண்டும் என்று ஸ்க்ரம் வழிகாட்டி சொல்வதே இல்லை. வேண்டுமென்றே விட்ட இடம் அது. பல நிறுவனங்கள் வழிகாட்டியில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் காலி இடத்தைக் காலியாகவே விட்டுவிடுகின்றன. விழுவது அங்கேதான்.

## வேலையை எந்தத் திசையில் பிரிப்பது?

மருத்துவமனை ஒன்றுக்கு முன்பதிவுச் செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். பழக்கப்பட்ட கை இப்படிப் பிரிக்கும்: முதல் ஸ்பிரிண்டில் தரவுத்தள அட்டவணைகள், அடுத்த இரண்டில் சர்வர் பக்க நிரல், அதன்பின் திரைகள், கடைசியில் இணைப்பு. பெயர் ஸ்பிரிண்ட். உள்ளே ஓடுவது அதே அருவி. மூன்று மாதம் வரை பயனருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ரிவ்யூவில் அட்டவணைகளின் படத்தைக் காட்டினால் வரவேற்பாளர் என்ன சொல்வார், பாவம்?

இன்னொரு விதமாகவும் பிரிக்கலாம். முதல் ஸ்பிரிண்டில் ஒரே ஒரு மருத்துவர், ஒரே ஒரு நாள். நோயாளி பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்தால் நேரம் பதிவாகும். பணம் கட்ட முடியாது, ரத்துசெய்ய முடியாது, அழகும் இல்லை. ஆனால் திரை, சர்வர், தரவுத்தளம் மூன்றும் தொட்டுக்கொண்டு ஓடுகின்றன. அதை வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் கேட்பார்: "ஒரே நம்பர்ல அம்மாவுக்கும் புள்ளைக்கும் டோக்கன் போடுவோமே. இதுல ரெண்டாவது பேரு போட்டா முதல் பேரு அழியுதே, ஏங்க?"

கைபேசி எண்ணையே நோயாளியின் அடையாளமாக வைத்து நிரல் எழுதியாயிற்று. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. தேவை ஆவணத்தில் 'நோயாளியின் கைபேசி எண் கட்டாயம்' என்று மட்டும் இருந்திருக்கும். இரண்டாவது வாரத்தில் தெரிந்ததால் ஒரு பிற்பகலில் திருத்திவிடலாம். பணம், மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாம் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு வளர்ந்த பிறகு எட்டாவது மாதத்தில் தெரிந்தால், ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்ட வேண்டும். ஏற்கெனவே அழிந்துபோன பதிவுகள் திரும்பி வரப்போவதும் இல்லை.

அஜைல் தரும் லாபம் முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடும். மாற்றத்தை ஏற்பது என்றால் கிளையன்ட் கேட்பதற்கெல்லாம் தலையாட்டுவது என்று பொருளில்லை. விலை மலிவாக இருக்கும்போதே தவறைத் தெரிந்துகொள்வதற்கு ஏற்பாடு செய்துகொள்வது.

## கையில் எத்தனை வேலை?

கணித மேதை தேவையில்லை, விரல்விட்டு எண்ணலாம். ஒருவரிடம் மூன்று வேலைகள், ஒவ்வொன்றும் ஐந்து நாள்.

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் முடியும் நாள்கள்: 5, 10, 15.

வேலையைக் கேட்ட மூன்று பேரையும் திருப்திப்படுத்த நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால்: 13, 14, 15.

கடைசி வேலை இரண்டு விதத்திலும் 15ஆம் நாள்தான் முடிகிறது. ஆனால் முதல் வேலையைக் கேட்டவர் எட்டு நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார், யாருக்கும் எந்த லாபமும் இல்லாமல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது எங்கே விட்டோம் என்று நினைவுபடுத்திக்கொள்ள ஆகும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இதைப் பொதுவாகச் சொல்கிறது. சராசரியாகக் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, முடிந்து வெளியேறும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக ஆகும் காலம் கிடைக்கும். குழுவின் கையில் 12 வேலைகள், வாரத்துக்கு 3 முடிகின்றன என்றால் ஒன்றுக்கு 4 வாரம். அதே வேகத்தில் கையிருப்பை 6ஆகக் குறைத்தால் 2 வாரம். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் கான்பான் பலகையில் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் எழுதப்படும் உச்சவரம்பு எண்ணுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

நடைமுறையில் இதுதான் மிகக் கடினம். வரம்பை எட்டிவிட்டால் கையில் வேலையில்லாதவர் புதியதைத் தொடங்கக் கூடாது, சிக்கிக்கொண்டிருக்கும் சக ஊழியருக்குக் கைகொடுக்க வேண்டும். எல்லோரும் எப்போதும் தட்டச்சு செய்துகொண்டே இருந்தால்தான் வேலை நடக்கிறது என்று நினைக்கும் மேலாளருக்கு இது சோம்பலாகத் தெரியும். அந்த எண்ணம் மாறாத இடத்தில், பலகையில் எழுதிய வரம்பு எண் மூன்றாவது வாரமே அழிக்கப்பட்டுவிடும்.

## சோதனை தானாக ஓடாவிட்டால்

ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் சேரும் புது வசதிகளைக் கையால் சோதிக்க அரை நாள் ஆகிறது என்று கொள்வோம். புதியது சேரும்போது பழையது உடையக் கூடும் என்பதால், வெளியிடுமுன் பழையவற்றையும் சோதிக்க வேண்டும். பத்தாவது ஸ்பிரிண்டில் முழுச் சோதனைக்கு 5 நாள். இருபதாவதில் 10 நாள். இரண்டு வார ஸ்பிரிண்டில் வேலை நாள்களே பத்துதான்.

அதற்குள்ளாகவே குழு ஏதாவது குறுக்கு வழிக்குப் போய்விடும். பழையதைச் சோதிப்பதை நிறுத்துவார்கள், உடைந்தது பயனர் கையில் தெரியவரும். அல்லது, ஐந்து ஸ்பிரிண்டுக்கு ஒருமுறை முழுக்க முழுக்க டெஸ்டிங்குக்கு ஒரு ஸ்பிரிண்ட் ஒதுக்குவார்கள். அப்படி ஒதுக்கத் தொடங்கிய நாளில் பழைய முறை பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டது. இனி எந்த வேலையும் ஸ்பிரிண்ட் முடிவில் உண்மையில் முடிவதில்லை.

அதனால்தான் தானியங்கிச் சோதனைகளும், நிரலை அன்றாடம் ஒன்றுசேர்ப்பதும், ஒரு கட்டளையில் வெளியிடும் வசதியும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' பட்டியலில் இருக்கக் கூடாது. மாற்றம் மலிவாக இருந்தால்தான் மாற்றத்தை வரவேற்க முடியும். இவை இல்லாமல் சுற்றைக் குறுக்கினால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவசரம் வரும், அவ்வளவுதான். மென்பொருள் வல்லுநர் வார்டு கன்னிங்ஹாம் 1992இல், இப்படி அவசரத்தில் அரைகுறையாக விடும் நிரலைக் கடனோடு ஒப்பிட்டார். அவசரத்துக்கு வாங்கலாம், திருப்பிக் கட்டும் வரை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வட்டி போகும்.

## புள்ளிகள் எப்படிக் கெடுகின்றன?

ஸ்டோரி பாயிண்ட் என்பது ஒரு வேலையின் பருமனை இன்னொரு வேலையோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். ஒரு ஸ்பிரிண்டில் முடிந்த வேலைகளின் புள்ளிகளைக் கூட்டினால் வருவது வெலாசிட்டி. அடுத்த ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று குழு தனக்குள் ஊகிக்கத்தான் இரண்டும் பயன்படும்.

மேலிடம் அந்த எண்ணைக் கேட்கத் தொடங்கியதும் கெட்டுப்போகிறது. ஒரு குழு 40, பக்கத்துக் குழு 25 என்று பட்டியல் போட்டால், அடுத்த மாதமே 3 புள்ளி வேலை 5 ஆகிவிடும். இரண்டு குழுக்களின் புள்ளிகளை ஒப்பிடுவது, வேறு வேறு முழக்கோலால் அளந்த துணிகளை ஒப்பிடுவது போன்றது. தானே ஸ்டோரி பாயிண்டுகளைக் கண்டுபிடித்திருக்கக் கூடும், அப்படியென்றால் வருந்துகிறேன் என்று ரான் ஜெஃப்ரிஸே எழுதும் நிலைக்கு இது போயிருக்கிறது. அவரும் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்.

மேலிடத்துக்கு எண் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஒரு மாற்றம் நிரலில் சேர்ந்ததிலிருந்து பயனரிடம் போய்ச்சேர எத்தனை நாள் ஆகிறது, வாரத்துக்கு எத்தனை முறை வெளியிடுகிறோம், வெளியிட்டவற்றில் எத்தனை பழுதாகின்றன, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரியாகிறது. இந்த நான்கையும் கொடுக்கலாம். ஊதிப் பெருக்குவது கடினம், பயனரின் வாழ்க்கையோடு நேரடித் தொடர்பும் உண்டு.

## பதினைந்து நிமிடத்தில் தெரியும் அடையாளம்

ஒரு நிறுவனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அறிய டெய்லி ஸ்க்ரம் ஒன்றைப் பார்த்தாலே போதும். எல்லோரும் மேலாளரைப் பார்த்துப் பேசுகிறார்களா, ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறார்களா?

"நேத்து லாகின் பேஜ் பண்ணேன். இன்னிக்கும் அதேதான். பிளாக்கர் எதுவும் இல்ல சார்." இப்படி ஒன்பது பேர் வரிசையாகச் சொன்னால் அது வருகைப்பதிவு.

"நீ மாத்துன டோக்கன் சர்வீஸ் வந்தாத்தான் என்னோடதை டெஸ்ட் பண்ண முடியும். மதியம் ரெண்டு பேரும் உக்காந்து முடிச்சிடலாமா?" இது திட்டமிடல்.

நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்ற மூன்று கேள்விகளையும் வழிகாட்டியின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு எடுத்துவிட்டது. இன்னமும் அவற்றை மந்திரம்போல் ஓதும் குழுக்கள் நிறைய.

தடை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவருக்கு அடுத்த மதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால், அந்தக் கூட்டத்தில் இனி உண்மை வெளிவராது. வேலைக் கலாசாரம் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதைவிட இந்த ஒன்றைச் சரிசெய்வது பலன் தரும்.

## ஒப்பந்தம் விடாது

வெளி வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் நிறுவனங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை இது. என்னென்ன வசதிகள், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம் ஆகிய மூன்றையும் ஒப்பந்தம் கட்டிப்போட்டுவிட்டால், ஸ்பிரிண்ட் ரிவ்யூவில் வாடிக்கையாளர் சொல்லும் ஒவ்வொரு கருத்தும் தகராறாக மாறும். இது பழைய விலையில் சேருமா, கூடுதல் கட்டணமா என்ற பேச்சு தொடங்கியதும் கருத்துக் கேட்கும் ஆசையே இரு பக்கமும் செத்துவிடும். தரம்தான் கடைசியில் பலியாகும். ஒப்பந்தத்தில் அளந்து எழுதப்படாதது அது ஒன்றுதான்.

ஆட்களைக் கூட்டித் தேதியைப் பிடிப்பதும் நடக்காது. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று ஃப்ரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது பழையவர்தான்.

வழிகள் உண்டு. தேதியையும் பணத்தையும் நிலையாக வைத்து, வசதிகளின் பட்டியலைத் தளர்வாக விடலாம். முதல் இரண்டு மாதத்துக்கு மட்டும் சிறு ஒப்பந்தம் போட்டு, ஓடுகிற மென்பொருளைப் பார்த்த பிறகு அடுத்ததைப் பேசலாம். இன்னும் தொடங்காத ஒரு வேலையை நீக்கிவிட்டு அதே அளவுள்ள இன்னொன்றைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்ற பிரிவை மட்டும் எழுதிக்கொண்டாலே பாதிச் சண்டை ஓயும். இதற்கு வாடிக்கையாளர் பக்கத்தில் முடிவு சொல்லும் அதிகாரமுள்ள ஒருவர் வாரத்தில் சில மணி நேரமாவது கிடைக்க வேண்டும். எதைக் கேட்டாலும் 'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்பவர் ப்ராடக்ட் ஓனர் இருக்கையில் அமர்ந்தால், இரண்டு வாரச் சுற்று பதிலுக்குக் காத்திருப்பதிலேயே கழியும்.

## எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

தேவை முழுக்கத் தெரிந்த, மாறாத, ஏற்கெனவே பலமுறை செய்த வேலைக்கு இந்த ஏற்பாடு வீண் செலவு. பழைய சர்வரிலிருந்து புதியதற்கு அப்படியே மாற்றும் பணிக்கு நல்ல சரிபார்ப்புப் பட்டியல் போதும்.

உயிர் சம்பந்தப்பட்ட மென்பொருளுக்குச் சட்டப்படி அஜைல் கூடாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியில்லை. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304 தரநிலை எந்த வாழ்க்கைச்சுழற்சி முறையையும் கட்டாயமாக்கவில்லை. என்னென்ன சான்றுகள் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. அந்தச் சான்றுகளைத் தயாரிப்பதையும் 'முடிந்தது' என்பதன் வரையறைக்குள் சேர்த்துக்கொண்டால் ஸ்பிரிண்டுகளில் செய்யலாம்.

## மாறுவதென்று முடிவெடுத்தால்

முழு நிறுவனத்தையும் ஒரு தேதியில் மாற்றும் அறிவிப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு குழு, உண்மையான பயனர்கள் சிலர், ஆறு மாதம். அந்தக் குழுவில் வரிசை:

1. இப்போது ஒரு சிறு மாற்றம் பயனரைச் சென்றடைய எத்தனை நாள் ஆகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ஒரு வரி திருத்தத்துக்கே மூன்று வாரம் ஆகிறது என்றால், அந்த மூன்று வாரம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு நாளாகத் தேடுங்கள். நிரல் எழுதும் நேரம் அதில் சொற்பமாகவே இருக்கும். யாரோ ஒப்புதல் தரக் காத்திருக்கும் நேரம்தான் மிகுதி.
2. வெளியிடுவதைத் தானியங்கியாக்குங்கள். கூடவே, உடைந்தால் பெரிய இழப்பு வரும் ஐந்தாறு பாதைகளுக்காவது தானியங்கிச் சோதனை எழுதுங்கள்.
3. 'முடிந்தது' என்பதன் வரையறையை ஒரு பக்கத்துக்குள் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.
4. கையில் இருக்கும் வேலைகளுக்கு வரம்பு வையுங்கள்.
5. வரிசையை முடிவு செய்யும் ஒருவரை நியமித்து, அவர் முடிவை மேலிடம் மாற்றாது என்று எழுத்தில் கொடுங்கள்.
6. இதற்குப் பிறகு ஸ்பிரிண்ட், ரிவ்யூ, ரெட்ரோ.

வழக்கமாக ஆறாவதில் தொடங்கி முதலாவதுக்கு வந்துசேராமலே நின்றுவிடுகிறார்கள். ரெட்ரோவிலும் இருபது குறைகளை எழுதி வைப்பதைவிட, அடுத்த இரண்டு வாரத்தில் சரிசெய்ய ஒன்றே ஒன்றை எடுத்துப் பேக்லாக்கின் தலையில் வைப்பது நல்லது. சொன்ன குறை உண்மையில் சரியானதைப் பார்த்தால்தான் அடுத்த முறை ஆட்கள் வாய் திறப்பார்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் வேகம் குறையும். சோதனைகள் எழுதவும் பழைய நிரலைச் சீராக்கவும் நேரம் போகும். அந்தக் காலத்தில் மேலிடம் பழைய வேகத்தைக் கேட்டால் முதலில் வெட்டப்படுவது சோதனைகள்தான், எனவே அதைத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து, முதல் நாள் அளந்த எண்ணை மறுபடி அளந்து பாருங்கள். கூடவே கடைசி ஐந்து ரிவ்யூக்களை எடுத்துக்கொண்டு, பயனர் சொன்ன கருத்தால் பேக்லாக்கின் வரிசை எத்தனை முறை மாறியிருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். ஒருமுறைகூட மாறவில்லையென்றால், அந்த ரிவ்யூக்களில் பயனர் உண்மையிலேயே உட்கார்ந்திருந்தாரா என்று விசாரியுங்கள்.